மதுரை வெயிலும் வீட்டு அலர்ஜியும்

மதுரையில் யாருக்குத் தும்மல், மூக்கடைப்பு, வீசிங் வந்தாலும் முதலில் ரோட்டுத் தூசியைத்தான் திட்டுவோம். தோண்டிப் போட்ட தெரு, லாரிப் புகை, ஆடிக் காற்று என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. இவை மூக்கையும் தொண்டையையும் உறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் வருஷம் முழுக்கக் காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்முகிறவருக்கு, பெரும்பாலும் காரணம் ராத்திரி முழுக்க அவர் முகம் புதைத்துப் படுத்திருந்த தலையணைக்குள்ளேயே இருக்கிறது.

எங்கே, எப்போது தொந்தரவு வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். படுக்கையை உதறும்போதும், விடியற்காலையிலும், பீரோவில் கிடந்த கம்பளியை எடுத்துப் போர்த்தும்போதும் வந்தால் தூசி உண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அடுப்படியில் பழைய அட்டைப் பெட்டியை நகர்த்தியதும் வந்தால் கரப்பான் பூச்சி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கூடினால் பூசணம். வீட்டுக்குள் சும்மா இருந்துவிட்டு வெளியே கண்மாய்க்கரைப் பக்கம் போனதும் கண் அரித்தால் மகரந்தம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணம். எது என்று தெரியாமல் வீட்டையே கழுவிக்கொண்டிருந்தால் இடுப்புதான் ஒடியும்.

டஸ்ட் மைட் என்கிற இந்தத் தூசி உண்ணி, அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காத, கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர். கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்மைப் படுத்துவது பெரும்பாலும் அதன் கழிவு. ஒரு உண்ணி நாளைக்கு ஏறக்குறைய 20 உருண்டை போடும். ஒவ்வொன்றும் 10 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். படுக்கையைத் தட்டினால் காற்றில் எழும்பி, இருபது முப்பது நிமிஷத்தில் மறுபடி கீழே படிந்துவிடும். அதனால்தான் படுக்கை விரிக்கும்போதும் புரண்டு படுக்கும்போதும் தொந்தரவு வருகிறது, ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை.

இந்த உயிர் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பு வழியாக இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 70, 80 சதவீதமும் வெப்பம் 25 முதல் 30 டிகிரியும் இருந்தால் அமோகமாகப் பெருகும். 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிச் சாகும். அதை வற்ற வைக்க நம் ஊர் ஏற்ற ஊர். சித்திரை, வைகாசியில் மதியம் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இறங்கும் நாட்கள் உண்டு. கடற்கரை ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

அப்படியென்றால் கோடையில் அது தானாகவே செத்துவிட வேண்டுமே? சாகாது. படுத்திருக்கிறவரின் வியர்வையும் உடம்புச் சூடும் மெத்தைக்குள் தனியாக ஒரு மழைக்காலத்தையே உண்டாக்கிவிடும். நாளில் சில மணி நேரம் ஈரம் கிடைத்தாலே உண்ணி தாக்குப்பிடிக்கும். மெத்தையைக் கட்டிலைவிட்டு எடுத்து வெளியே போட்டால் மட்டுமே வெயில் வேலை செய்யும்.

மெத்தை, தலையணை

வெயிலில் காயவைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இலவம் பஞ்சு மெத்தையாக இருந்து, கனம் நாலு அங்குலத்துக்குள் இருந்தால் கத்தரி வெயிலில் உள்வரை சூடேறும். காலை பத்தரை மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், சூடேறிய தளத்தின் மேல் ஒரு பழைய சேலையை விரித்து மெத்தையைப் போடுங்கள். மேலே கறுப்புத் தார்ப்பாயால் மூடுங்கள். சாதாரண வெயிலைவிடக் கறுப்புத் தார்ப்பாய்க்குக் கீழே சூடு அதிகமாக ஏறும். 50 டிகிரியைத் தாண்டினால் உண்ணிக்குத் தப்ப வழியில்லை. நடுப்பகலில் புரட்டிப் போட வேண்டும், ஏனென்றால் மேற்புறம் சுட்டதும் அவை குளிர்ச்சியான அடிப்பக்கம் நகர்ந்துவிடும். கடைசி ஒரு மணி நேரம் தார்ப்பாயை எடுத்துவிட்டுத் திறந்து போட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். மூன்று மணி வாக்கில் அங்கேயே தடியால் இரண்டு பக்கமும் அடித்து, தூசி போன பிறகு கீழே இறக்குங்கள்.

அடிக்காமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். வெயில் உண்ணியைக் கொல்லும், ஆனால் ஏற்கெனவே சேர்ந்த கழிவை அழிக்காது. அலர்ஜி இருக்கிறவர் அந்த நேரம் மாடிப் பக்கமே வரக்கூடாது. அடிக்கிறவர் மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டி, காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்க வேண்டும்.

ஃபோம், லேடெக்ஸ் மெத்தைக்கு இந்த வைத்தியம் ஆகாது. லேடெக்ஸ் நேரடி வெயிலில் பொரிந்து உதிரும். ஆறு அங்குல ஃபோமில் சூடு நடுவரை போகவும் போகாது. ரப்பர் காயர் மெத்தையோ தூக்கி மாடி ஏற்ற முடியாத கனம். இவற்றுக்கு உறைதான் வழி.

இலவம் பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. போடி, ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் நல்ல பஞ்சு புதிதில் அருமையாக இருக்கும். உடம்பு சூடு ஏறாது, வெயிலில் போட்டால் உப்பி வரும். ஆனால் இந்த இழை குட்டையானது, நொறுங்கும் தன்மையுள்ளது. நாளாக நாளாகப் பொடியாகி, தையல் இடுக்கு வழியாக வெளியே வரும். தலையணையைத் தட்டினால் வெளிச்சத்தில் பொடி பறப்பது தெரிந்தால் அதை இனி மூக்குக்கு அருகில் வைத்துப் படுக்கக் கூடாது. தெருவில் வண்டியில் வந்து பஞ்சு அடித்துத் தருகிறவர்களிடம் கொடுப்பதானால், வாசலிலேயே வைத்து அடிக்காமல் தள்ளி ஒரு காலி இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய பஞ்சைப் பழைய உறைக்குள்ளேயே திணிக்க விடாதீர்கள், புதுத் துணி எடுத்துக் கொடுங்கள்.

உறை விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. கடையில் வாட்டர் ப்ரூஃப் கவர் என்று விற்பவற்றில் பல, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மேற்புறத்தை மட்டும் மூடுபவை. தண்ணீருக்கு அது போதும், உண்ணிக்குப் போதாது. ஆறு பக்கமும் மூடி ஜிப் வைத்த உறை வேண்டும். ஜிப்பின் முடிவில் இருக்கும் சின்ன இடைவெளியில் துணி டேப் ஒட்ட வேண்டும். துணியின் நெசவு இடைவெளி 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி நிச்சயமாக உதவாது. தெரியாவிட்டாலும் உடனே நம்பிவிடாமல் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் உறை நம் ஊர் ராத்திரிக்குத் தாங்காது. வியர்வையில் முதுகு ஒட்டும், இரண்டே நாளில் கழற்றி எறிந்துவிடுவோம். நெருக்க நெசவுத் துணிதான் நிலைத்து நிற்கும்.

அலர்ஜியே வராது என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் ஃபைபர் தலையணையும் உறையில்லாமல் ஆறேழு மாதம் கிடந்தால் பழையதைப் போலத்தான் ஆகும். உண்ணிக்கு வேண்டியது நம் தோல் செதிலும் வியர்வை ஈரமும்தான், உள்ளே இருப்பது பஞ்சா ஃபைபரா என்பது இல்லை. ஃபைபர் தலையணையைத் துவைக்க முடியும், அந்த ஒரு வசதிக்காக வாங்கலாம்.

மேலே விரிக்கும் விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் கழிவு பெரும்பாலும் கரைந்து போகும், உண்ணி சாகாது. இழையைக் காலால் இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். 55 முதல் 60 டிகிரி சூடு வேண்டும். ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷினில் 60 என்று வைத்தால் முடிந்தது. இல்லாதவர்களுக்குக் கணக்கு இதுதான்: கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, 30 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 65 டிகிரி வரும். 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெரிய சில்வர் அண்டாவில் முதலில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீர், அதன்மேல் 10 லிட்டர் கொதிநீர், பிறகு சோப்புத்தூள், பிறகு துணி. துணியைப் போட்டதும் சூடு கொஞ்சம் இறங்கி 60ஐ ஒட்டி நிற்கும். மூடி போட்டுப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, ஆறியபின் வழக்கம்போலத் துவையுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடச்சுட வரும், அப்போது கொதிநீரைக் குறைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அண்டாவை வைக்காதீர்கள். சுங்குடி விரிப்பை இதில் போடாதீர்கள், சாயம் போகும். படுக்கைக்கு வெள்ளைக் காடாத் துணியோ நைந்த பருத்திச் சேலையோதான் நல்லது, எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் தாங்கும்.

குழந்தைகளின் பஞ்சு பொம்மைகளைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம். மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரானால் ஒரு முழு நாள் போதும், சின்ன ஃப்ரிட்ஜில் மூன்று நாள் விடுங்கள். அதன்பிறகு துவைக்கவும் வேண்டும், செத்தவையும் கழிவும் உள்ளேதானே இருக்கும்.

என்னைக் கேட்டால், மெத்தையே இல்லாமல் படுக்க முடிந்தவர்களுக்குக் கோரைப்பாயும் நாலாய் மடித்த சேலையும் போல ஒன்று கிடையாது. பாயில் தோல் செதில் தங்க இடமில்லை. ஈரத்துணியால் துடைக்கலாம், தினமும் சுருட்டி வெயிலில் நிறுத்தலாம். நார்க்கட்டிலும் அப்படித்தான். முதுகுவலி உள்ளவர்களையும் வயதானவர்களையும் தரையில் படுக்கச் சொல்ல மாட்டேன். வீசிங் உள்ள குழந்தைக்குப் பாயை யோசித்துப் பாருங்கள்.

ஏர் கூலர்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மதுரையில் ஏசி வைக்க முடியாத வீடுகளில் கோடைக்கு இதுதான் துணை. 40 லிட்டர் தொட்டி ஒரு ராத்திரியில் காலியாகிறது என்றால், அந்த 40 லிட்டரும் ஆவியாகப் படுக்கையறைக்குள்தான் வந்திருக்கிறது. கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு கூலரை ஓட்டினால் ஈரப்பதம் 80ஐத் தொடும். ஊரே உலர்ந்து கிடக்கும் மே மாதத்தில், உண்ணி வற்றிச் சாக வேண்டிய ஒரே பருவத்தில், நாமே அதற்குத் தண்ணீர் காட்டுகிறோம். காலையில் மெத்தை சில்லென்று கையில் பட்டால் இதுதான் நடந்திருக்கிறது.

கூலரை ஜன்னலுக்கு வெளியே, அல்லது பின்பக்கம் வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, ஈரக் காற்று வெளியே போக வழி விட வேண்டும். குளிர்ச்சி போய்விடுமே என்பார்கள். உண்மையில் காற்று வெளியேறும் வழி இருந்தால்தான் கூலரே குளிரும், அறைக்காற்று ஈரத்தில் நிறைந்துவிட்டால் அதற்குமேல் குளிராமல் புழுக்கம்தான் வரும். உண்ணி அலர்ஜி உறுதியானவர்கள் கூலரை ஹாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு தொல்லை, கூலருக்குள் தண்ணீர் ஊறும் பேடு. நார் பேடு எப்போதும் நனைந்து கிடந்தால் பூசணம் பிடிக்கும், அந்த வாடை முகத்துக்கு நேரே வரும். அணைப்பதற்கு முன் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு இருபது முப்பது நிமிஷம் வெறும் காற்றாடியை ஓடவிட்டால் பேடு உலர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியை முழுக்க வடித்துத் துடைத்து நிரப்புங்கள், இதில் டெங்குக் கொசுவும் வளராது. நார் பேடை ஒவ்வொரு பங்குனியிலும் புதிதாக மாற்றிவிடுங்கள். தேன்கூடு மாதிரி இருக்கும் அட்டை பேடானால் நம் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் இளகும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அட்டை கிழியும்.

ஏசி இருக்கிறவர்களுக்கு ஈரத்தைக் குறைக்கும் வேலை சுலபம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வலையைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அணைக்குமுன் பத்து நிமிஷம் ஃபேன் மோடில் ஓடட்டும், உள்ளே இருக்கும் கூலிங் காயில் நனைந்தபடி நிற்காது.

முன்னூறு நானூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில், நேரடி வெயிலும் காற்றாடிக் காற்றும் படாமல் வையுங்கள். கோடையில் 50க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பல நாட்கள் 70ஐத் தாண்டும். அப்போது ஏசியோ ஈரம் நீக்கும் மெஷினோ இல்லாமல் இறக்குவது கடினம், ஆனால் ஈரத்தை மேலும் கூட்டாமல் இருக்க முடியும். ஒரு முறை துவைத்த துணி முழுவதையும் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் அறையில் சேரும். அதைத் தாழ்வாரத்திலோ மாடிப்படி முகப்பிலோ போடுங்கள்.

கூட்டுவதும் துடைப்பதும்

காற்றாடி ஓட ஓடப் பெருக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். தூசியை ஒரு மூலையிலிருந்து எழுப்பி எல்லா மூலைக்கும் கொடுப்பதுதான் அதில் நடக்கிறது. புதுப் பூந்துடைப்பம் இன்னும் மோசம், வாங்கிய புதிதில் அதிலிருந்தே பொடி கொட்டும். வெளியே கொண்டுபோய்ச் சுவரில் நன்றாகத் தட்டி, நனைத்துக் காயவைத்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். படுக்கையறைக்குப் பெருக்கலே வேண்டாம், பிழிந்த ஈர மாப் போதும். இல்லை, பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அலர்ஜி உள்ளவர் அரை மணி நேரம் கழித்து உள்ளே வரட்டும்.

காற்றாடி இறக்கையில் படிந்திருக்கும் கறுப்புத் தூசியை ஒரு பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி உருவி எடுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். மாதம் ஒரு முறை போதும். கட்டிலடிப் பெட்டி, பரண், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் போட்டுக் கழற்றிய துணி இவை மூன்றும் படுக்கையறையில் தூசி சேரும் இடங்கள்.

வேக்குவம் க்ளீனர் வாங்குகிறவர்கள் ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத மெஷின் பெரிய குப்பையை உறிஞ்சிவிட்டு, நுண்ணியதைப் பின்பக்கக் காற்றோடு வெளியே தள்ளும். உயிருள்ள உண்ணியை எந்த வேக்குவமும் முழுதாக இழுத்துவிடாது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டையே புரட்டிப் போட்டு ஒட்டடை அடிப்போம். ஒரு வருஷத்துத் தூசி ஒரே நாளில் கிளம்பும் நாள் அது. ஆஸ்துமா உள்ளவரை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவரே செய்தாக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் போடட்டும், முகத்தில் துண்டு கட்டுவது உதவாது. ஒட்டடைக் குச்சியின் நுனியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டால் பாதித் தூசி பறக்காது. பழைய மெத்தை, தலையணைகளைப் போகியில் எரிக்காதீர்கள். ஃபோமும் ரெக்சினும் எரியும் புகை தெருவில் இருக்கும் எல்லாருக்கும் கேடு.

கரப்பான்

கரப்பானின் கழிவு, எச்சில், உரித்துப் போட்ட தோல் எல்லாமே அலர்ஜியைத் தூண்டும். குழந்தைகளின் ஆஸ்துமாவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் வீடுகளில் இரண்டு வகை. சின்னதாக, பழுப்பாக, அடுப்படியிலேயே குடியிருப்பது ஜெர்மன் கரப்பான். பெரிதாகச் சிவந்து, ராத்திரி சாக்கடையிலிருந்து வருவது அமெரிக்கன் கரப்பான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சின்னதற்கு ஸ்ப்ரே அடிப்பது பலன் குறைவு, அந்த வாடையே வீசிங்கைக் கிளப்பும். ஜெல்தான் சரி. மிளகு அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளியாக, ஒரு அடுப்படிக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் வையுங்கள். கதவுக் கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் பக்கம், அடுப்பு மேடையின் பின் விளிம்பு, மிக்ஸி வைக்கும் மூலை. பெரிய உருண்டையாக ஒரே இடத்தில் வைத்தால் காய்ந்து கிடக்கும், கரப்பான் தொடாது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ பினாயிலோ படக்கூடாது. வாடை பட்டால் அந்தப் பக்கமே வராது, நாம் ஜெல் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். பெண் கரப்பான் முட்டைக் கூட்டைப் பொரியும் தறுவாய் வரை உடம்போடு சுமக்கும். ஒரு கூட்டில் 30, 40 குஞ்சு இருக்கும். அதனால் மூன்று வாரம் கழித்து இரண்டாவது தடவை ஜெல் வைத்தே ஆக வேண்டும். இதை விட்டுவிடுகிற வீடுகளில்தான் ரெண்டே மாசத்தில் பழையபடி வந்துவிட்டது என்ற பேச்சு வரும்.

அலமாரித் தட்டில் விரித்த செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். அதற்கு அடியில்தான் குடித்தனம். ராத்திரி எச்சில் பாத்திரம் போடாமல் சிங்க்கைத் துடைத்து உலரவிடுங்கள். பட்டினியை வாரக்கணக்கில் தாங்கும் கரப்பான், தண்ணீர் இல்லாமல் தாங்காது. ஒழிந்த பிறகு அலமாரியை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், கழிவு மாதக்கணக்கில் அங்கேயே ஒட்டியிருக்கும்.

பெரியதற்கு வழியை அடைக்க வேண்டும். பாத்ரூம் தரையில் இருக்கும் ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைப் பக்கம் மூடியிருக்கும். அதிகம் புழங்காத பாத்ரூமில் நம் வெயிலுக்கு அந்தத் தண்ணீர் வற்றிப்போகும், கரப்பானும் வாடையும் நேராக மேலே வரும். வாரம் ஒரு முறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

சுவர் ஈரமும் மற்றவையும்

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் காற்று வரும். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால் நம் சுவரில் பூசணம் பூக்கும். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிய, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் கசிவு, குழாயையோ மாடித் தளத்தையோ பார்க்க வேண்டும். அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதாது. கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்து வரும்.

பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காற்றாடி போட்டு உலர்த்துங்கள். ப்ளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அலர்ஜி இல்லாதவர் நுரையீரலையே பதம் பார்க்கும். பீரோவை வெளிச்சுவரை ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். உள்ளே போடும் பாச்சை உருண்டையின் வாடையும் மூச்சுக்கு ஆகாது. கைக்குழந்தையின் துணியோடு வைப்பது இன்னும் ஆபத்து, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றும் அலர்ஜிப் பொருள் இல்லை, எரிச்சலூட்டும் புகை. ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயில் அதன் மேலே இதுவும் சேரும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, கட்டிலுக்கும் ஒரு வலை போட்டால் கொசுவத்திச் செலவே நின்றுவிடும். சாம்பிராணி வழக்கத்தை விட மனமில்லாவிட்டால் வாசலில் காட்டிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

அடுக்குமாடி பால்கனியில் புறா எச்சம் சேர்ந்தால் காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசத்தோடு வழித்தெடுங்கள், பிறகு வலை கட்டுங்கள். அந்தப் பொடியை நாள்பட மூச்சில் இழுப்பவர்களுக்கு நுரையீரலே தடித்துப்போகும் நோய் வரலாம், அது வெறும் தும்மலோடு நிற்காது. பூனை அலர்ஜிப் பொருள் மிக நுண்ணியது, சுவரிலும் துணியிலும் ஒட்டும். பூனை போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும், அதனால் பூனையை ஒரு வாரம் வேறு வீட்டில் விட்டுப் பார்ப்பது சோதனையாகாது.

கண்மாய்க்கரையெல்லாம் நிற்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் அலர்ஜி தரும். அது பூக்கும் சமயம் காற்று பலமாக இருந்தால் துணியை மாடியில் காயப்போடாதீர்கள், வெளியே போய்வந்ததும் முகம் கழுவித் துணி மாற்றிக்கொண்டு படுங்கள். காலி மனையில் பார்த்தீனியம் முளைத்தால் பூக்குமுன் கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் பட்டாலே சிலருக்குக் கொப்பளிக்கும்.

திறந்து வைத்த மைதா, ரவை, கோதுமை மாவிலும் உண்ணி சேரும். உண்ணி அலர்ஜி உள்ளவர் அப்படிப்பட்ட மாவில் செய்ததைச் சாப்பிட்டுத் திடீரென்று மூச்சுத் திணறியது பல வெப்ப நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சுட்டாலும் அந்தப் புரதம் முழுக்க அழிவதில்லை. மாதச் சாமானில் மாவை மட்டும் கொஞ்சமாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஏர் ப்யூரிஃபயர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உண்ணிக் கழிவு கனமானது, அரை மணியில் படிந்துவிடும், மெஷின் அதை இழுக்க நேரமே கிடைப்பதில்லை. புகை, பூனை, மகரந்தம் பிரச்சினை என்றால் உதவும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்திகரிக்க 170 கன மீட்டர் திறன் வேண்டும். பெட்டியில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் அந்த அறைக்குப் போதாது. அந்தக் காசை முதலில் மெத்தை உறையில் போடுங்கள் என்பேன்.

ஆனால் உறை மட்டும் போட்டு நிறுத்திவிட்டால் ஏமாற்றம்தான். 2003இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் பார்த்தார்கள், உறை மட்டும் போட்ட பெரியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 2004இல் அமெரிக்க நகரங்களில் குழந்தைகளின் வீடுகளில் படுக்கை, கரப்பான், புகை எல்லாவற்றையும் அவரவர் அலர்ஜிக்கு ஏற்பச் சேர்த்துக் கவனித்தார்கள், மூச்சுத் திணறும் நாட்கள் குறைந்தன. இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து, மூன்று நாலு மாதமாவது தொடர்ந்து செய்ய வேண்டும்.

எது அலர்ஜி என்று உறுதிசெய்ய தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. தோல் பரிசோதனைக்குப் போகிறவர்கள், தும்மலுக்குப் போடும் செட்ரிசின் மாதிரி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரை, வீட்டை எவ்வளவு சுத்தப்படுத்தியிருந்தாலும், டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.